பத்தாயிரம் ரூபாயும் ஒன்றாம் வகுப்பும்

பிள்ளையை வீட்டிலேயே ஒன்றாம் வகுப்பு படிக்க வைப்பது பற்றி நீலகிரியின் குந்தா தாலுகாவிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள் இந்த முறை. எல்லாக் கடிதங்களிலும் இரண்டு கவலைகள்: கையில் இருக்கும் பணம் போதுமா, பாடம் எந்த மதத்தின் பக்கமும் சாயாமல் இருக்குமா?

மகளுக்கு ஆறு வயது. வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறோம். இந்த வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மதச்சார்பில்லாத பாடத்திட்டம் எதை வாங்கலாம்? (வாசகி, மஞ்சூர்)

பாடத்திட்டத்தை வாங்கவே வாங்காதீர்கள். அது ஏற்கெனவே உங்களுடையது.

தமிழ்நாடு பாடநூல் கழகம் 2018இல் புதிதாக எழுதி வெளியிட்ட ஒன்றாம் வகுப்பு நூல்களில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் நான்கும் இருக்கின்றன. கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கு ஏற்பப் பிரித்த பயிற்சிகள் உண்டு. ஆங்கிலவழி வேண்டுமென்றால் என்.சி.இ.ஆர்.டி. 2023இல் கொண்டுவந்த ஒன்றாம் வகுப்பு நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசு நூல்கள் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதப்படுபவை. நீங்கள் தேடும் மதச்சார்பின்மைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இப்போது பணம். 5,000 ரூபாயைக் கதைப் புத்தகத்துக்கு வையுங்கள். 1,500 தொட்டுப் பார்க்கும் சாமான்களுக்கு: ஒரு தராசு, அளவு நாடா, வண்ணங்கள், நல்ல கத்தரிக்கோல், ஒரு பூதக்கண்ணாடி. 1,000 அச்செடுக்கவும் தைக்கவும். 1,500 பஸ்ஸுக்கு; வாரம் ஒருமுறையாவது நூலகத்துக்கும், மற்ற பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் அவள் போயாக வேண்டும். மீதி ஆயிரத்தை ஜனவரி வரை தொடாதீர்கள். அதற்குள் அவளுக்கு எதில் பித்து பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பூச்சியா, பாட்டா, தச்சு வேலையா, அதற்குச் செலவழியுங்கள்.

கதைப் புத்தகத்துக்குப் பாதிப் பணமா என்று கேட்பீர்கள். ஒன்றாம் வகுப்புப் பாடநூலில் வாசிக்க இருப்பது சில பக்கங்கள்தான். எழுத்துக்கூட்டும் குழந்தை சரளமாக வாசிக்கும் குழந்தையாக மாற, அவள் விரும்பிப் புரட்டும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், துலிகா, தாரா என்று தேடுங்கள். முதல் இரண்டின் படநூல்கள் பலவும் நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாக உள்ளன. முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள். ஓரத்தில் அவள் கிறுக்கினாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பாடநூல் மதச்சார்பற்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே அட்டையில் 'அனைவருக்கும்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். (வாசகர், எமரால்டு)

அட்டையை விடுங்கள், மழை பற்றிய பாடத்தைத் திறங்கள். மழை எப்படி வருகிறது என்று சொல்கிறதா, யார் அனுப்பினார் என்று சொல்கிறதா? முதலாவது பாடம். இரண்டாவது நம்பிக்கை, அதைச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, பாடங்களில் வரும் பெயர்களையும் படங்களையும் பாருங்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரே சாதி, ஒரே மதப் பெயரோடு, ஒரே உணவைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே பண்டிகையைக் கொண்டாடிக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகம் உலகத்தைச் சுருக்குகிறது. கடைசியாகப் பயிற்சிப் பகுதி. அங்கே 'ஏன்' என்ற சொல் வருகிறதா? கேட்டதைத் திருப்பிச் சொல்லு என்பது மட்டுமே இருந்தால், அட்டையில் எது போட்டிருந்தாலும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவே சொல்கிறது. அந்தக் கடமை ஆறு வயதில் 'ஏன்' என்று கேட்பதில்தான் தொடங்குகிறது.

அப்படியானால் ஹெத்தையம்மன் திருவிழா பற்றிச் சொல்லிக்கொடுக்கவே கூடாதா? எங்கள் ஊர் முழுக்க அதுதானே பேச்சு! (வாசகி, கீழ்குந்தா)

தாராளமாகச் சொல்லுங்கள். ஊரே வெள்ளை உடுத்தி நடந்து போவதைப் பார்த்துவிட்டு அது என்னவென்று தெரியாத குழந்தைக்குச் சமூகப் பாடத்தில் பெரிய ஓட்டை இருக்கும். ஹெத்தை யார், எதற்காகக் கூடுகிறோம், யார் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். அதே மூச்சில் கிறிஸ்துமஸ் பற்றியும், ரம்ஜான் பற்றியும், தோடர் மந்துவிலும் கோத்தர் ஊரிலும் என்ன வழிபாடு என்பது பற்றியும் சொல்லுங்கள்.

2002இல் பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் ஏற்றது: மதங்களைப் பற்றி அறிவது வேறு, மதபோதனை வேறு. வீட்டுப் பள்ளிக்கும் இது பொருந்தும். 'நாம் இப்படிக் கும்பிடுகிறோம், அவர்கள் அப்படிக் கும்பிடுகிறார்கள்' என்பது வரைக்கும் பாடம். 'நாம் செய்வதுதான் சரி' என்ற இடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது.

பக்கத்தில் இருக்கும் ஒரே நல்ல பள்ளி மிஷன் பள்ளி. காலையில் ஜெபம் இருக்கிறது. அதற்காகத்தான் வீட்டில் வைத்துக்கொள்ள நினைக்கிறோம். (வாசகர், குன்னூர்)

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ, பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையை மத வழிபாட்டில் பங்கெடுக்கக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. மரியாதையாக, எழுத்தில், தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். 1846இல் கேத்தியில் பாசல் மிஷன் காலூன்றிப் படுகர் ஊர்களில் பள்ளி நடத்திய காலத்திலிருந்து இந்த மலையின் படிப்பில் மிஷன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல ஆசிரியரை ஜெபத்தின் பெயரால் இழக்காதீர்கள்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் நாத்தனார், மகனை வீட்டில் படிக்க வைக்க அரசுப் பணம் கிடைக்கிறது என்கிறார். அவர் வாங்கிய 'செக்யூலர்' பாடப் பெட்டியை என் மகனுக்கும் அனுப்பி வைக்கிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (வாசகி, இத்தலார்)

அவர் சொல்வது உண்மைதான். அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் சில சார்ட்டர் பள்ளிகளில் பெயரைப் பதிந்துகொண்டு வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடப்பொருள் வாங்க ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். கலிபோர்னியச் சட்டப்படி சார்ட்டர் பள்ளி எந்த மதப் பிரிவையும் சாராமல் இருக்க வேண்டும். அதனால் அந்தப் பணத்தில் மதப் பாடநூல் வாங்க முடியாது. அரிசோனாவில் வேறு மாதிரி. 2011இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகத் தொடங்கிய, அரசு பணம் போடும் கல்விக் கணக்கை 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார்கள். அந்தப் பணத்தை மதப் பாடத்துக்கும் செலவிடலாம்.

அமெரிக்காவில் 'செக்யூலர்' என்று தனியாக எழுதி விற்கக் காரணம் இருக்கிறது. வீட்டுக்கல்விக்கான பெரிய பதிப்பகங்கள் சில கிறிஸ்தவ நிறுவனங்கள். பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்ற நம்பிக்கையை அவை அறிவியல் பாடத்திலேயே வைக்கின்றன. அங்குள்ள பெற்றோருக்கு அந்த முத்திரை தேவை.

ஆனால் பெட்டி வேண்டாம். கணக்குப் பாடம் முழுக்க டாலர், சென்ட், அங்குலம். உங்கள் மகன் ரூபாய்க்குச் சில்லறை எண்ணவும் சென்டிமீட்டரில் அளக்கவும் கற்க வேண்டியவன். நாத்தனார் ஆசையாக அனுப்புகிறார் என்றால் இரண்டு நல்ல படக்கதைப் புத்தகங்கள் கேளுங்கள். அவருக்கும் சந்தோஷம், பையனுக்கும் சந்தோஷம்.

கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிக்கு அரசு கட்டும் 25 சதவீதப் பணத்தை எங்கள் கையில் கொடுத்தால் வீட்டிலேயே நன்றாகப் படிக்க வைப்போமே? (வாசகர், எடக்காடு)

கொடுக்க மாட்டார்கள். 12(1)(இ) பிரிவின்படி அந்தப் பணம் பள்ளிக்குத்தான் போகும். உங்கள் வருமானமும் வசிப்பிடமும் பொருந்தினால் இடத்துக்கு விண்ணப்பியுங்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான குழந்தைகள் கல்விப் படி வீட்டுக்கல்விக்குக் கிடைக்குமா? (வாசகர், அருவங்காடு)

கிடைக்காது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மாதம் 2,250 ரூபாய் என்று தொடங்கிய அந்தப் படிக்குப் பள்ளித் தலைமையின் சான்றிதழ் வேண்டும். வீட்டில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. ஆகவே மாதச் செலவுக் கணக்கில் இதை இழப்பாக எழுதிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

வீட்டிலேயே படிக்க வைப்பது சட்டப்படி குற்றமா? ஒருவர் பயமுறுத்துகிறார். (வாசகி, பாலகொலா)

2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது (10ஆவது பிரிவு). சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. வீட்டுக்கல்விக்கு அதில் தனி இடமும் இல்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீட்டுக்கு வந்தால் ஒளிக்காதீர்கள். குழந்தையின் நோட்டு, வரைந்த படங்கள், வாசித்த புத்தகங்களின் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். வருகிற ஆசிரியர் எதிரி இல்லை. குழந்தை எங்காவது வேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டதோ என்ற அக்கறையில் வருகிறார். தோட்டப் பகுதியில் அந்த அக்கறை எவ்வளவு அவசியம் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு வருடம் பார்த்துவிட்டுச் சரிவராவிட்டால் பள்ளியில் சேர்ப்பார்களா? (வாசகர், பிக்கட்டி)

சேர்த்தே ஆக வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்பது 13. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14. தாமதமாக வந்தாய் என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 15. நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை செய்கிறோம். மகனைத் தோட்டத்துப் பள்ளியில் விட மனமில்லை. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு பணம் சேர்க்க வேண்டும்? (வாசகி, குந்தா)

அம்மா, உங்களிடம் குறைவாக இருப்பது பணம் இல்லை, பகல் நேரம். காலையில் மலையேறினால் சாயங்காலம் இலை எடை போட்டுவிட்டுத்தான் திரும்புவீர்கள். அதுவரை பையன் யாரோடு இருப்பான்? வீட்டுக்கல்விக்கு ஒரு பெரியவர் பகலில் வீட்டில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதபோது அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

அரசு தொடக்கப் பள்ளியில் காலை உணவு, மதிய உணவு, புத்தகம், சீருடை எல்லாம் கிடைக்கும். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் உண்டு. இவற்றையெல்லாம் நீங்கள் சொந்தச் செலவில் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இந்தச் சரிவுகளில் குடியேறிய குடும்பங்கள் பள்ளியை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அடுத்த தலைமுறை ஆசிரியராகவும் செவிலியராகவும் போனது. பள்ளியில் குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. இரவில் அரை மணி நேரம் மகனோடு ஒரு கதை வாசியுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அவனை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆசை வீண் போகாது.

வீட்டில் மகளோடு படுகுதான் பேசுகிறோம். பாடம் தமிழிலா, ஆங்கிலத்திலா? (வாசகர், முள்ளிகூர்)

முதல் மூன்று மாதம் விளக்கம் எல்லாம் படுகில் இருக்கட்டும். எண்ணுவதும், கூட்டுவதும், 'ஏன் இது மிதக்கிறது' என்று பேசுவதும் அவள் கனவு காணும் மொழியிலேயே நடக்கட்டும். எழுத்துக்குத் தமிழைப் பிடியுங்கள். ட, ப, ம மூன்றும் எழுத எளிய எழுத்துகள். அவற்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், பட்டம், மடம் என்று முதல் வாரத்திலேயே வாசித்துவிடுவாள். அந்தச் சந்தோஷம் 247 எழுத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஆங்கிலம் பாட்டாகவும் பேச்சாகவும் பக்கத்தில் வரட்டும், எழுத அவசரம் இல்லை.

ஒரு நிறுவனத்திலிருந்து வந்து, டேப்லெட்டோடு மூன்று வருடப் பாடம், மாதத் தவணை என்றார்கள். கையெழுத்துப் போடலாமா? (வாசகர், கிண்ணக்கொரை)

பேனாவைக் கீழே வையுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்று வருடம் கழித்து என்ன பிடிக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. தவணை மட்டும் மாறாமல் வரும். காணொளி வேண்டுமானால் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, இலவசம்.

ஜூலை, ஆகஸ்டில் வெளியே தலை காட்ட முடியாது. மின்சாரமும் போய்விடும். மகனுக்குச் சூழ்நிலையியலை எப்படி நடத்துவது? (வாசகி, மின்வாரியக் குடியிருப்பு)

உங்கள் வாசலிலேயே பாடம் கொட்டுகிறதே! நேரான சுவர் உள்ள ஒரு கண்ணாடிக் குவளையைத் திறந்த இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அளவுகோலால் அளந்து, நோட்டில் எழுதி, கொட்டிவிடுங்கள். வானிலைத் துறை கணக்கெடுப்பதும் அதே நேரத்துக்குத்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த அளவைச் சுவரில் குறித்து மகனை நிறுத்துங்கள். மார்பு வரைக்கும் வரும். சென்டிமீட்டர் என்றால் என்ன என்று அதன்பின் அவனுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. குந்தாவில் வளரும் குழந்தைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி ஊர்க்கதை. அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் சுரங்கத்தில் இறங்கிக் குந்தா மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அதே தண்ணீர் கெத்தையிலும், பரளியிலும், பில்லூரிலும் மறுபடி மறுபடி வேலை செய்கிறது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எழத் தொடங்கிய அமைப்பு இது. குழந்தைக்கு அவ்வளவும் வேண்டாம். மாடிப்படியில் நான்கு டப்பாக்களை வரிசையாக வைத்து மேலிருந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு படியிலும் காகிதச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் பழைய சாமான்களில் செய்யும் இப்படிப்பட்ட பொம்மைகள் நிறைய உண்டு, அவையும் காசில்லாமல்.

மழை விட்டதும் மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக ஒருமுறை கீழே போய் வாருங்கள். 43 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது முன்னோக்கி, ஏறும்போது பின்னோக்கி எண்ணட்டும். ஒன்றாம் வகுப்புக் கணக்கில் பாதி அந்தப் பஸ் டிக்கெட்டில் முடிந்துவிடும்.

மகள் இப்போது வீட்டில் படித்தால் பிற்காலத்தில் எதையாவது இழப்பாளா? உண்மையைச் சொல்லுங்கள். (வாசகர், உதகை)

சிலவற்றை இழக்கலாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்த சான்று கேட்கிறார்கள். இன்று வீட்டில் வைத்தால் அந்தக் கதவு பிறகு திறக்காமல் போகலாம். பெரும்பாலான பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கப்படுபவை. ஆகவே ஐந்தாம் வகுப்பு முடியும்போது மறுபடி உட்கார்ந்து யோசியுங்கள்.

தேர்வு பற்றிப் பயம் வேண்டாம். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்.

கடைசிக் கேள்வி, சார்: ஆயிரம் ரூபாய்தான் முடியும் என்றால்? (வாசகி, கோரகுந்தா)

நூலக உறுப்பினர் அட்டை, ஒரு மழைக்கோட்டு, பெரிய வரைபட நோட்டு ஒன்று, வண்ணப் பென்சில், அச்செடுத்த இருபது ஸ்டோரிவீவர் கதைகள். மீதி இருந்தால் 'துளிர்' இதழுக்குச் சந்தா கட்டுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து சிறுவர்களுக்காக நடத்தும் அறிவியல் மாத இதழ் அது. இப்போதைக்கு அதை வாசிக்கப்போவது நீங்கள்தான். பிள்ளை கேட்கப்போகும் கேள்விகளுக்கு அது உங்களுக்குத் தேவைப்படும்.